பாலத்துப் பாட்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினி போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையப் போகிறது. பாதித் தமிழும் பாதி பிரெஞ்சுமாகப் பேசினாள். அவள் பேச்சில் ‘அப்பா’வும் வினைச்சொற்களும்தான் என்னுடையவை. மற்றதெல்லாம் இந்த ஊர் கொடுத்தது.

“அப்பா, எங்க கல்யாணத்துல ஒரு ஸ்லோ வந்துச்சே, நானும் ஜூலியனும் ஆடினோமே, அந்தப் பாட்ட அனுப்புங்க. கல்யாண நாள் அன்னிக்கு அதுக்கே திரும்ப ஆடப் போறோம்.”

அனுப்புகிறேன்டா என்று சொல்லிப் போனை வைத்தேன். இன்னும் அனுப்பவில்லை. பாட்டு கையில்தான் இருக்கிறது, அனுப்ப ஒரு விரல் போதும். ஆனால் ஜோடியாக மெதுவாக ஆடுவதற்கென்று அவள் ‘ஸ்லோ’ என்று சொல்லும் அந்தப் பாட்டு, எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில்கூட யோசித்துப் போடுகிற பாட்டு. அது ஒரு கல்யாண மண்டபத்துக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால் கலியமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றி வாயால் சொல்லப் போனால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

2

நான் கடலூர் ஓ.டி.க்காரன், அதாவது ஓல்ட் டவுன். கலியமூர்த்தி புதுச்சத்திரம். சிதம்பரத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, தினமும் ஒரே பஸ். அந்தக் காலத்தில் அந்த ரோட்டில் இரண்டு வகை பஸ்கள்தான் உண்டு. டேப் வைத்த வண்டி, டேப் வைக்காத வண்டி. காலியாக வருகிற வண்டியை விட்டுவிட்டு, படிக்கட்டு வரைக்கும் பிதுங்கி வருகிற டேப் வண்டிக்காக நின்று முதல் வகுப்பைக் கோட்டை விட்ட கூட்டம் நாங்கள்.

நான் ஓ.டி.யில் ஏறிக் கலியனுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பேன். புதுச்சத்திரத்தில் ஏறுவான். ஏறும்போதே கேட்பான்: “மச்சான், இதுவரைக்கும் என்னா ஓடுச்சி?”

சாப்பிட்டாயா, பரீட்சைக்குப் படித்தாயா, ஒன்றும் கிடையாது. ஓ.டி.யிலிருந்து ஓடிய பாட்டுகளை நான் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒன்றை விட்டால் கண்டுபிடித்துவிடுவான். “இதுக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணு வந்திருக்குமே, தூங்கிட்டியா?” என்பான். டிரைவர் போடும் கேசட்டுகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

நாங்கள் எல்லாரும் ஒரே ஒரு இசையமைப்பாளரின் ரசிகர்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், சொல்லாவிட்டாலும் உங்களுக்கே தெரியும்.

பி.முட்லூர் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். அங்கே வண்டி கொஞ்சம் மெதுவாகும். காற்று மாறும், கடல் பக்கத்து உப்புக் காற்று சட்டைக்குள் புகும். பாலத்தில் வண்டி ஏறி இறங்கும் நேரத்தில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ, அதுதான் அன்றைக்கு எங்களுக்கு ராசிபலன். நல்ல பாட்டு வந்தால் “பாலம் ஜெயிச்சிடுச்சி” என்பான் கலியன். மட்டமான பாட்டு வந்தால் அன்றைக்குக் கேண்டீன் டீயில் சர்க்கரை இருக்காது என்று அர்த்தம்.

ஒருநாள் பாலத்தில் வண்டி ஏறும்போது ஒரு பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடிந்து புல்லாங்குழல் தனியாக எழுந்தது. வண்டி பாலத்தின் நடுவில் இருந்தது. குழல் நீண்டு, வளைந்து, ஒரு இடத்தில் மூச்சை நிறுத்தி, மறுபடி எழுந்து, வண்டி பாலத்தை விட்டு இறங்கவும் சரணம் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. கலியன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிதம்பரம் வந்தும் கம்பியை விடவில்லை. காதலில் விழுந்தவனைப் பார்த்திருக்கிறேன், இப்படி விழுந்தவனைப் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டு படத்தில் இரண்டு முறை வரும். இடைவேளைக்கு முன்னால் புது மனைவியைப் பார்த்து நாயகன் பாடுவான். இடைவேளைக்குப் பின்னால் அவள் செத்துப்போன பிறகு அதே மெட்டை, இழுத்து இழுத்துப் பாடுவான். பெயர் ஒன்று, முதல் வரி ஒன்று, உயிர் மட்டும் வேறு. நாங்கள் ஒன்றைச் ‘சந்தோஷம்’ என்போம், இன்னொன்றைச் ‘சோகம்’ என்போம். ஒரே மெட்டில் சிரிக்கவும் வைத்து அழவும் வைக்கிற இந்த அநியாயத்தைத் தமிழ் சினிமாவைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

3

பிறகு எனக்குப் புதுச்சேரியில் பெண் பார்த்தார்கள். வசந்தாவின் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெண் அமைந்தால், ஜாதகத்தில் என்ன தோஷம் இருந்தாலும் ஜோசியர் வாயை மூடிக்கொள்வார். கல்யாணமாகி வந்து சேர்ந்தது பாரிசுக்கு வெளியே, ரயிலில் போகிற தூரத்தில் ஒரு ஊர். அங்கே பள்ளிக்கூட உணவகத்தில் சமையல்காரனாகச் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான் உருளைக்கிழங்கு மசிக்கிறேன். கலியன் புவனகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனான், சிதம்பரத்தில் வீடு எடுத்தான், மங்கையைக் கட்டினான்.

வாட்ஸ்அப் வந்ததும் முதலில் செய்த காரியம், நானும் அவனும் சேர்ந்து ‘டேப் வண்டி’ என்று ஒரு குழு ஆரம்பித்ததுதான். அந்த ரோட்டில் ஒருகாலத்தில் பஸ் ஏறியவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். லால்பேட்டை ஹாஜா துபாயில் இருந்தான். திட்டக்குடிப் பெண் ஒருத்தி சிங்கப்பூரில். ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். வாரம் ஒரு தலைப்பு. செவ்வாய்க்கிழமை தலைப்பு முடிவாகும், கலியன் பாட்டுகளைப் பொறுக்குவான், நான் கோத்து வர்ணனை எழுதி வெள்ளிக்கிழமை வெளியிடுவேன். விசில் அடிக்கிற பாட்டுகள் ஒரு வாரம். தபேலா இல்லாத பாட்டுகள் ஒரு வாரம். நடுவில் சட்டென்று நின்று மறுபடி கிளம்புகிற பாட்டுகளாகச் சேர்த்து ‘ரயில்வே கேட்டு’ என்று ஒரு வாரம் போட்டோம், அதற்குக் கிடைத்த கைதட்டல் வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

எந்தத் தலைப்பானாலும் ஒரு சட்டம் மாறாது. பட்டியல் கடலூரில் கிளம்பிச் சிதம்பரத்தில் முடிய வேண்டும். ஓ.டி. தாண்டும் வரை ஆட்டம், ஆலப்பாக்கத்தில் டூயட், புதுச்சத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் குடிக்க ஒரு மெலடி. அப்புறம் பாலம். பாலத்துப் பாட்டுதான் அந்த வாரத்தின் உயிர். அதைக் கலியன் மட்டும்தான் போடுவான், எனக்கே உரிமை கிடையாது. வெள்ளிக்கிழமை பட்டியல் வந்ததும் ஹாஜா அவசரக் குடுக்கை மாதிரி “பாலம் என்னாண்ணே?” என்று கேட்பான். “பாலத்த மொதல்லயே கேக்குறவன் ஊரு போய்ச் சேரமாட்டான்” என்று கலியன் எழுதுவான். இதை எத்தனை வருஷம் கேட்டாலும் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

யாழினி சின்னவளாக இருந்தபோது அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில் சேன் நதியின் மேல் ஒரு பாலம். காரில் அந்த வாரப் பட்டியல் ஓடும். எங்கள் பாலத்துப் பாட்டும் அந்தப் பாலமும் ஒருநாளும் பொருந்தவில்லை. இவர்கள் பாலம் சின்னது, பல்லவிக்குள் முடிந்துவிடும். அவள் பின்சீட்டிலிருந்து “அப்பா, பாட்டு இன்னும் முடியல, திரும்பிப் போங்க” என்பாள். ஒரு முறை உண்மையாகவே திரும்பிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள், ‘போக்குவரத்து’ என்று எழுதினேன். பிறகு அவள் வளர்ந்து, காதில் தன் சொந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு, முன்சீட்டில் வேறு ஊரில் இருப்பவள் போல உட்கார ஆரம்பித்தாள். என் அப்பா காலத்துப் பாட்டை நான் மட்டும் கேட்டேனா?

4

பிரெஞ்சு எனக்கு இன்றுவரை வசப்படவில்லை. அந்த மொழியில் காதில் கேட்பதற்கு ‘ஆந்தாந்த்ர்’ என்று ஒரு சொல், காத்திருப்பதற்கு ‘அத்தாந்த்ர்’ என்று ஒரு சொல். எழுதும்போது வேறு வேறு, என் வாயில் இரண்டும் ஒன்று. குடியுரிமை வாங்குவதற்கு முன்னால், குடியிருப்பு அட்டை புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போன் போடுவேன். அங்கிருந்து ஒரு அம்மாள், “ஐயா, நான் பேசுவது கேட்கிறதா?” என்பார். நான் மிகவும் பணிவாக, “ஆமாம் அம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்” என்பேன். ஒருமுறை அந்த அம்மாள், “நன்றி ஐயா, வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை” என்றார். யாழினி பக்கத்தில் நின்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதைக் குழுவில் எழுதியபோது கலியனுக்குக் குஷி. அன்றிலிருந்து நான் போன் செய்தால், “மச்சான், கேக்குதா?” என்பதற்குப் பதிலாக “மச்சான், காத்திருக்கியா?” என்பான்.

அப்புறம் அவன் போன் எடுப்பது குறைந்தது. முன்பெல்லாம் பாட்டின் நடு இசையை வாயாலேயே பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான், மங்கை பின்னாலிருந்து “குக்கர் சத்தம்கூட காதுல உழல, அப்புடி என்னா பாட்டு?” என்று திட்டுவதும் சேர்ந்து வரும். அது நின்றது. நான் வாய்ஸ் அனுப்பினால், “டைப் பண்ணு மச்சான், இங்க நெட்டு சரியில்ல” என்று பதில் வரும். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டான். ஏனடா என்று கேட்டதற்கு, “பசங்க சத்தம் தாங்கல” என்று எழுதினான். நானும் நம்பினேன். பட்டியல் மட்டும் வாரம் தவறாமல், பிசகாமல் வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பட்டியல்களை இப்போது எடுத்துக் கேட்கிறேன். ஒன்றிலும் ஒரு சுருதி விலகல் இல்லை.

5

யாழினி ஜூலியனைக் கட்டுவது என்று முடிவானபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வரவேற்பில் ஒரு பகுதிக்கு எங்கள் குழுவின் பட்டியல் ஒன்று வேண்டும் என்றாள். அந்த வாரம் ‘டேப் வண்டி’யின் தலைப்பே அவள் கல்யாணம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காதில் சொந்தப் பாட்டை மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்து என் வண்டியில் ஏறுகிறாள் அல்லவா.

கலியன் ஒரு வாரம் உட்கார்ந்து பொறுக்கினான். பாலத்துக்கு அந்தப் பாட்டையே வைத்தான், புல்லாங்குழல் பாட்டு. ‘பாப்பாவுக்கு அதவிட வேற என்னா குடுப்பேன்’ என்று எழுதியிருந்தான். வழக்கமாக நான் வெளியிடுமுன் ஒருமுறை கேட்டுவிடுவேன், அதுவும் கேட்கும் ஆசையால்தான். அந்த வாரம் மண்டபமும் சாப்பாடும் என் தலையில் இருந்தன. அதுவும் இல்லாமல், கலியன் போட்ட பாட்டைச் சரிபார்ப்பது என்பது, அம்மா வைத்த குழம்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது மாதிரி.

மண்டபத்தில் பாட்டுகள் ஓடின. ஓ.டி.யில் எல்லாரும் ஆடினார்கள், ஆலப்பாக்கத்தில் வசந்தாவே ஆடினாள். புதுச்சத்திரம் முடிந்தது. நான் கையில் தட்டோடு நின்று, எனக்குள் வெள்ளாற்றுக் காற்று வருவதற்காகக் காத்திருந்தேன்.

வந்தது சோகம்.

முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வசந்தாவின் அக்கா ராஜி, பட்டுப்புடவையோடு நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “அய்யய்யோ, பொண்டாட்டி செத்ததுக்கு அப்பறம் பாடுற பாட்டாச்சே இது! யாரு வச்சது?” என்று வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தச் சொல்லி ஓடினேன். அதற்குள் ஜூலியனின் அத்தைகளும் மாமன்களும் விளக்கைக் குறைக்கச் சொல்லி, ஜோடி ஜோடியாகத் தோளில் கைபோட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஸ்லோ. நடுவில் யாழினி, ஜூலியனின் தோளில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. நிறுத்துகிற பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அழுத்த முடியவில்லை.

பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, “அப்பா, ரொம்ப அழகா இருந்துச்சு. ஏன் நம்ம ஆளுங்க எல்லாம் உக்காந்துட்டாங்க?” என்று கேட்டாள். களைப்பு என்றேன். இரண்டு பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் என் பெண்ணுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராஜி அக்காவின் அபசகுனத்தைவிட அது எனக்கு வலித்தது.

6

மறுநாள் குழுவில் ஹாஜா பிடித்துக்கொண்டான். “கலியண்ணே, பாலத்துல சோகம் ஏத்தி வுட்டீங்களே, நீங்களா போட்டது? அல்லாவே, நம்பவே முடியல” என்று எழுதினான். சிங்கப்பூர்ப் பெண் அழுகிற பொம்மை போட்டாள். எல்லாரும் கேலிதான் செய்தார்கள், யாருக்கும் கோபமில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கலியனிடமிருந்து ஒரு வரி வந்தது.

“மன்னிச்சிடு மச்சான். கண்ணு தவறிடுச்சி.”

நான் உணவகத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். கை தவறிவிட்டது என்று எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். ஞாபகம் தவறிவிட்டது என்றாலும் வயசாகிறது என்று விட்டிருப்பேன். பாட்டுப் பொறுக்குகிறவனுக்குக் கண் எப்படித் தவறும்? அவன் ஒரு நொடி கேட்டால் போதுமே. முதல் இழுப்பிலேயே, தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்குத் தெரியுமே.

கேட்டிருந்தால்.

போனில் அந்தப் பாட்டைத் தேடிப் பார்த்தேன். சந்தோஷமும் சோகமும் அடுத்தடுத்து நின்றன. ஒரே பெயர், ஒரே படத்தின் சின்னப் படம். கண்ணால் மட்டும் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மங்கைக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவரிடம், “மங்கை, கலியனுக்குக் காது எப்படி இருக்கு?” என்றேன். பதிலுக்கு அழுகைதான் வந்தது.

“சுத்தமா கேக்கலண்ணே. மொதல்ல ஒரு காது போச்சி, அப்பறம் இன்னொண்ணும் போயிட்டுது. மிஷினு வச்சிப் பாத்தோம், எரைச்சல்தான் ஜாஸ்தியா இருக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருண்ணே.”

“ஏன்?”

“சொன்னா பாட்டு லிஸ்ட்ட வேற ஆளுகிட்ட குடுத்துடுவீங்களாம். அத மட்டும் புடுங்கிட்டா நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேக்குறாரு. செவ்வாக்கெழம ஆனா போன வச்சிகிட்டு உக்காந்துடுவாரு. வாயி மட்டும் அசையும். நானும் பாத்துகிட்டேதான் இருக்கேன்.”

அப்படியானால் இத்தனை நாளும் அவன் தலைக்குள் ஓடியதைத்தான் நாங்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது சேரும் என்பதற்கு அவனுக்குக் காது தேவைப்படவில்லை. இரட்டைப் பாட்டு வந்த ஒரே இடத்தில் சறுக்கினான். அதுவும் என் பெண்ணுக்காக ஆசையாகப் போட்ட இடத்தில்.

கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்காரி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் நண்பனுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். வாய் பழைய தப்பையே செய்தது. “என் நண்பன் இனிமேல் காத்திருக்க மாட்டான்” என்று சொல்லியிருக்கிறேன். அவள் அவன் செத்துப்போய்விட்டான் என்று நினைத்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

7

ஊருக்குப் போக முடிவு செய்தேன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போக விசாவுக்கு விண்ணப்பிப்பது, மாமியார் வீட்டில் தண்ணீர் கேட்பது போல, கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். புகைப்படம் எடுக்கிறவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, “இரண்டு காதும் தெரிய வேண்டும் ஐயா” என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

கலியன் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தான். இளைத்திருந்தான். “மச்சான்!” என்று கத்தினான் பாருங்கள், பூக்காரி முதல் கண்டக்டர் வரை திரும்பிப் பார்த்தார்கள். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியவில்லை. நான் போனை எடுத்துப் பெரிய எழுத்தில் ‘எப்படிடா இருக்க’ என்று அடித்துக் காட்டினேன்.

“எழுத்துப் பிழ இல்லாம எழுதுறியே, பிரான்சு போயும் கெடல” என்றான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. “ஹாஜாகிட்ட குடுத்துட்டியா லிஸ்ட்ட?”

‘ஹாஜாவா? பாலத்தில் குத்துப் பாட்டு போடுவான்’ என்று அடித்தேன். அவன் படித்துவிட்டு, படித்தது சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தான். தோளில் தட்டினேன். ‘நீதான் போடணும். வெர்ஷன் மட்டும் நான் பார்த்துக்கறேன்.’

“பாக்காதடா” என்றான். “கேளு. பாத்துதானே நான் கெடுத்தேன்.”

சிதம்பரம் பஸ் நிற்கும் இடத்தில் பைபாஸ் வண்டிகள் வந்து போயின. இப்போது நாலு வழிச்சாலை வந்துவிட்டது, ஊர்களுக்குள் நுழையாமல் பறக்கலாம். கலியன் ஒன்றிலும் ஏற விடவில்லை. பழைய வழியில் போகிற வண்டி வரும் வரை நின்றோம். ஏறியதும் அவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான். டிரைவர் தலைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர்கள், சுற்றிலும் நீலப் பல்புகள் விட்டு விட்டு எரிந்தன.

ஓ.டி. தாண்டியதும் என் முழங்கையைத் தொட்டான். “பாப்பா கல்யாணத்துல எழவுப் பாட்டு போட்டுட்டனே மச்சான். நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது.”

‘அவளுக்கு ரொம்பப் பிடிச்சிது. அதுக்குத்தான் ஆடினாள்.’

“சோகத்துக்கா?”

தலையாட்டினேன்.

“அது நம்ம புள்ளயே இல்ல, போ” என்று சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஆலப்பாக்கம் வந்தபோது கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னான். அவனுக்கு அது ரகசியம் பேசுகிற குரல், பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. “தலைக்குள்ள இன்னும் ஓடுது மச்சான். அது இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் கொறை இல்ல. ஆனா தேயுதுடா. முந்தி ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் முழுசா வரும். இப்ப நடுவுல அறுந்துடுது. பாட்டு வரி வந்துடுது, இசை வர மாட்டேங்குது. திருப்பிக் கேட்டுக்கலாம்னா எங்க போயி கேக்குறது?”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதை எழுதி முடித்ததும் யாழினி கேட்ட பாட்டை அனுப்பிவிடத்தான் போகிறேன், சோகத்தையே. அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் கேட்டது, அப்படியே இருக்கட்டும். பொய் சொல்வதாக ஆகாதா என்று வசந்தா கேட்கிறாள். ஒருத்தனிடம் ஏற்கெனவே இந்தப் பாட்டை வைத்துப் பொய் சொல்லிவிட்டேன், இது இரண்டாவது.

புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது கலியன் தான் அந்தக் காலத்தில் ஏறுகிற படிக்கட்டைப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தான், நீலப் பல்புகளைப் பார்த்தான். என்னிடம் திரும்பினான்.

“மச்சான், இதுவரைக்கும் என்னா ஓடுச்சி?”

வண்டியில் பாட்டே ஓடவில்லை. நான் முன்பே கண்டக்டரிடம் கேட்டிருந்தேன். “ஸ்பீக்கர் போயி ரொம்ப நாளு ஆவுது சார். இப்ப அவுங்கவுங்க ஹெட்செட்டுல கேட்டுக்குறாங்க. லைட்டு மட்டும் எரியும்” என்று சொல்லியிருந்தார். நான் போனை எடுத்து, ஓ.டி.யிலிருந்து அந்தக் காலத்தில் ஓடிய பாட்டுகளை வரிசையாக அடித்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினான். “நல்ல கேசட்டு போட்டிருக்கான்” என்றான்.

பி.முட்லூர் தாண்டியது. வண்டி மெதுவாயிற்று. உப்புக் காற்று வந்தது. கலியன் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

“பாலம் என்னா மச்சான்?”

அந்தப் பாட்டின் பெயரை அடித்தேன். அவன் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“சந்தோஷமா, சோகமா?”

‘சந்தோஷம்’ என்று அடித்தேன்.

கண்ணை மூடினான். உதடு அசைய ஆரம்பித்தது. பல்லவியின் ஒவ்வொரு சொல்லையும் அவன் உதட்டில் படித்தேன், ஒன்றும் தப்பவில்லை. விரல் கம்பியில் தாளம் போட்டது. பல்லவி முடிந்தது. உதடு நின்றது. விரலும் நின்றது. வண்டி பாலத்தின் நடுவில் இருந்தது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“அப்பறம் என்னா வரும் மச்சான்?”

எனக்குக் கேட்கிறது. அன்றும் கேட்டது, இதை எழுதும்போதும் கேட்கிறது. நீண்டு, வளைந்து, மூச்சை நிறுத்தி மறுபடி எழுகிற அந்த இடம். கையில் போன் இருக்கிறது, விரல் அதன் மேல் இருக்கிறது. அதை எந்த எழுத்தில் அடிப்பது?

‘புல்லாங்குழல்’ என்று அடித்துக் காட்டினேன்.

“ஆங், ஆமா. புல்லாங்குழல்” என்றான். மறுபடி கண்ணை மூடினான். நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. வண்டி பாலத்தை விட்டு இறங்கிவிட்டது.